குடும்பக் குழு: பெசன்ட் நகரில் வீடு பார்ப்பது குறித்து

*நான், காலை 7.10*
அனைவருக்கும் வணக்கம். தரமணி அலுவலகத்துக்கு மாற்றல் உறுதியாகிவிட்டதால், பெசன்ட் நகரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். வசதி படைத்தவர்கள் வாழும் பகுதி நமக்கு ஒத்துவருமா என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. அத்தை, நீங்கள் அங்கேயே இருப்பவர் என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

*பெசன்ட் நகர் அத்தை, 7.32*
தாராளமாக வா. 1970-களில் வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து விற்றபோது, மாமாவைப் போன்ற வங்கி ஊழியர்களாலும் இங்கே இடம் வாங்க முடிந்தது. இன்று அதே தெருவில் வாடகைக்கு இருப்பதற்கே பெரிய சம்பளம் வேண்டியிருக்கிறது. மர நிழலும் மாலைக் கடற்காற்றும் உண்மையிலேயே பெரிய கொடுப்பினைதான். அதே காற்றில் உள்ள உப்பு ஜன்னல் கம்பிகளையும் ஏ.சி.யின் வெளிப்பெட்டியையும் அரித்துவிடும் என்பதால், வீட்டுக்காரரிடம் பராமரிப்புச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் காரை வெளியே எடுப்பது சிரமம்.

*மதுரைச் சித்தி, 7.40*
அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேசுவார்களா, அண்ணி? கைக்குழந்தையோடு வருபவளுக்கு அதுதானே முக்கியம்.

*பெசன்ட் நகர் அத்தை, 8.05*
பேசுவார்கள், ஆனால் நாமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும், சமைத்துப் போடுவதும் வேலைக்கு வரும் பெண்கள்தான். இவர்களில் பலர் ஒரு காலத்தில் அடையாற்றங்கரையிலேயே குடியிருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டதால், நடந்து வந்த வேலைக்கு இப்போது விடியற்காலையில் பேருந்து பிடித்து வருகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் அந்தச் சம்பளம் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

எங்கள் வீட்டுக்கு வரும் பெண், காலையில் காபி கொடுத்தால் எப்போதும் வேண்டாம் என்று மறுத்துவிடுவாள். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டபோது, நான்கு வீட்டு வேலை முடிந்து மதியம் வீடு திரும்பும்வரை கழிப்பறைக்குப் போக வழியில்லை என்பதால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்றாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டுக் கழிப்பறை அவளுக்கும் உரியது. ஆனால் மற்ற வீடுகளில் வேலை செய்பவர்கள் என்ன செய்வார்கள் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். கார் நிறுத்தும் தளத்தில், பழைய பெயின்ட் டப்பாக்களை அடுக்கிப் பூட்டி வைத்திருந்த கழிப்பறை ஒன்று இருந்தது. சுத்தம் கெட்டுவிடும், வெளியாட்கள் நுழைவார்கள் என்று சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். நம் குழந்தையை நம்பி ஒப்படைக்கும் ஒருவரை வெளியாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? பல மாதங்கள் விடாமல் பேசிய பிறகு அது திறக்கப்பட்டது; அதற்குத் தண்ணீர் இணைப்பும் உள்தாழ்ப்பாளும் போட்டோம். ஆகவே, நீ பார்த்திருக்கும் குடியிருப்பில் வேலைக்கு வருபவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, அவர்களுக்கு எந்த லிஃப்டில் ஏற அனுமதி உண்டு என்று முதலில் விசாரி. உன்னுடன் பழகப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

*மயிலாப்பூர்ப் பெரியப்பா, 8.30*
தங்கை சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஊரூர்க் குப்பத்து மீனவர்கள் பெசன்ட் நகர் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் என்பதையும் அறிந்துகொண்டு குடிபோ. அடுத்தது தண்ணீர். மணற்பாங்கான நிலம் மழைநீரை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்; ஆனால் எல்லாரும் ஆழ்துளைக் கிணற்றில் அளவின்றி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். 2019 கோடையில் எத்தனை பணம் இருந்தும் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க நேர்ந்தது. மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி கணக்குக்கு மட்டும் கட்டப்பட்டதா, ஆண்டுதோறும் தூர்வாரப்படுகிறதா என்று காவலாளியிடம் கேள். செயலாளரைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

*நான், 8.47*
நன்றி அத்தை, நன்றி பெரியப்பா. வாடகையைத் தவிர வேறு எதையும் நான் யோசித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மீண்டும் சென்று, இவை எல்லாவற்றையும் விசாரித்த பிறகே முன்பணம் கொடுப்போம்.

*பெசன்ட் நகர் அத்தை, 8.50*
ஞாயிறு வேண்டாம், வேலையாட்கள் பலர் அன்று வர மாட்டார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வா. நானும் உடன் வந்து அவர்களிடமே பேசுகிறேன்.

*மயிலாப்பூர்ப் பெரியப்பா, 8.52*
கிணற்று நீர் வரும் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து வாருங்கள். உப்பின் அளவைப் பரிசோதிக்க நான் ஏற்பாடு செய்கிறேன்.