புதிய பிக்கப்பின் சிறு குறைகள்: புதுப்பிப்பு

பின்கதவுச் சத்தம், இடப்பக்கக் கதவால் கசியும் மழைநீர் என முன்னர் எழுதிய இரு குறைகளும் உத்தரவாதத்தின் கீழ் சீர்செய்யப்பட்டுவிட்டன. பின்கதவின் ஓரத்திலுள்ள இறப்பர்த் தாங்கியைச் சற்று வெளியே திருகியதுமே சத்தம் அடங்கியது. கசிவுக்கு, மடங்கிக் கிடந்த இறப்பர்ப் பட்டியை மாற்றினார்கள்.

மேம்பாடுகளில் நான் அதிகம் யோசித்தது அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சைத்தான். கடற்காற்றின் உப்பு ஓயாமல் படியும் திருகோணமலையில் அது ஆடம்பரமன்று. ஆனால் பூசுபவர் கதவுகளின் அடியிலுள்ள நீர்வடி துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் நீரே தகட்டை அரித்துவிடும் என்பதால், அத்துளைகளை ஒட்டுநாடாவால் மூடிவிட்டுப் பூசும்படி கேட்டுக்கொண்டு, முடிந்ததும் நாடாக்களை நானே உரித்தேன். மீன்பெட்டிகள் ஏற்றும் பின்தட்டுக்கு விரிப்பு இன்னும் வாங்கவில்லை. கடையில் காட்டியதைப் பொருத்தத் தகட்டில் துளையிட வேண்டுமாம், அதற்கு எனக்கு மனமில்லை.