புதுப்பிப்பு: சப்வூஃபர் கரகரப்பு பிடிபட்டது
ஓரத்து நுரை வளையம் மாற்றிய என் 12 அங்குல கார் சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்), ஒலியைப் பாதிக்கு மேல் கூட்டினால் கரகரக்கிறது என்று எழுதியிருந்தேன். ஆம்ப்ளிஃபயர்தான் காரணம் என்றீர்கள். அதில் வேறு ஸ்பீக்கரை இணைத்தால் சுத்தமாகப் பாடியது, ஆக அது காரணமில்லை. கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளின் மின்தடையை மல்ட்டிமீட்டர் 3.6 ஓம் என்று காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியே. கூம்பை இரு கைகளாலும் சீராக அழுத்தினேன், சுருள் உரசவில்லை.

பெட்டியிலிருந்து கழற்றி, குறைந்த ஒலியில் 30 ஹெர்ட்ஸ் அடித்தொனியை ஓடவிட்டு டார்ச் அடித்தேன். சுருளுக்கு மின்சாரம் தர கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி ஒன்று தொய்ந்து, ஒவ்வோர் அதிர்வுக்கும் கூம்பின் முதுகில் சாட்டைபோல் அடித்துக்கொண்டிருந்தது! நுரை வளையம் மாற்றித் தந்தவர் அதை நீளமாக விட்டுப் பற்றவைத்திருக்கிறார். விறைப்பாக இழுத்தால் அறுந்துவிடும் என்பதால் அரை அங்குலம் மட்டும் குறைத்தேன். நேற்றிரவு முக்கால் அளவு ஒலியிலும் கரகரப்பு இல்லை. இப்போது நம்பர் பிளேட்தான் கடகடக்கிறது.