உதவி: 3½ இஞ்சு இன்ஜினை 5 இஞ்சுக்குப் பெரிதாக்குகிறேன், பாய்லருக்கு இந்தச் செம்புக் குழாய் தாங்குமா?

நீராவிப்பித்தன்:
எல்லோருக்கும் வணக்கம். 3½ இஞ்சு கேஜுக்கு, அதாவது அந்த அகலத் தண்டவாளத்துக்கு, வரைந்த மாடல் நீராவி ரயில் டேங்க் இன்ஜின் படம் ஒன்றை 5 இஞ்சு கேஜுக்குப் பெரிதாக்கிச் செய்துகொண்டிருக்கிறேன். எல்லா அளவையும் 1.42 ஆல் பெருக்கி வந்தேன். ஃபிரேம், சக்கரம், சிலிண்டர் எல்லாம் முடிந்தன. பாய்லரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

படத்தில் பேரல், அதாவது பாய்லரின் உருளை உடல், வெளிவிட்டம் 95 மிமீ, சுவர் 2 மிமீ. பெருக்கினால் 135, 2.8. என்னிடம் 133 மிமீ செம்புக் குழாய்த் துண்டு சும்மா கிடக்கிறது, ஆனால் சுவர் 1.5 மிமீதான். மேலே "ஈஎன் 1057 ஆர்290" என்று பொறித்திருக்கிறது. வேலை அழுத்தம் 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ. பாதுகாப்புக்கு 8 மடங்கு வைத்துக் கணக்குப் போட்டேன்: 0.55 × 133 × 8 ÷ (2 × 290) = 1.01 மிமீ. அப்படியானால் 1.5 தாராளம்தானே?

இன்னொன்று. சூடான புகையைப் பாய்லர் தண்ணீருக்குள்ளே கொண்டுபோகும் நெருப்புக் குழாய்கள் படத்தில் 10 மிமீ, சுவர் 0.7, நீளம் 190. அதையும் பெருக்கி 14 மிமீ வாங்கிவிடலாமா?

லேத்து மாமா:
தம்பி, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது.

அந்த 290ஐ நம்பாதீர்கள். அது ஆலையிலிருந்து இழுத்து வந்த கடினமான குழாயின் வலிமை, மெகாபாஸ்கலில். பாய்லரை எதைக் கொண்டு ஒட்டப் போகிறீர்கள்? 55 சதவீத வெள்ளி உள்ள சோல்டர் 630 முதல் 660 டிகிரிக்குள் உருகும். அந்தச் சூட்டில் செம்பு மெழுகாகிவிடும். டார்ச் பட்ட பிறகு உங்கள் ஆர்290 குழாய், மென்மையான ஆர்220 குழாய்க்குச் சமம். கணக்கில் எப்போதும் மென்செம்பின் எண்ணைத்தான் போட வேண்டும்.

95 மிமீ என்பது வெறும் பேரலா, மேலுறையும் சேர்த்தா?

நீராவிப்பித்தன்:
வெறும் பேரல்தான் மாமா. 220 போட்டுப் பார்த்தால் 1.33 மிமீ வருகிறது. அப்போதும் 1.5 பாஸ்தானே?

லேத்து மாமா:
காகிதத்தில் பாஸ். 5.5 பாரில் நீராவியின் சூடு ஏறத்தாழ 162 டிகிரி. அந்தச் சூட்டில் செம்பின் வலு, அறை வெப்பத்தில் இருப்பதைவிடக் குறைவு. உங்கள் சூத்திரம் ஓட்டையில்லாத முழு உருளைக்கு உரியது. நீங்களோ டோமுக்கு (பேரல் மேலே நீராவி சேரும் குமிழ்) ஒரு பெரிய ஓட்டை, சேஃப்டி வால்வுக்கு ஒன்று, தண்ணீர் உள்ளே விடும் வால்வுகளுக்கு இரண்டு என்று போடப் போகிறீர்கள். 0.17 மிமீ மிச்சத்தை நம்பி நான் அதன் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

படம் வரைந்தவர் 95க்கு 2 மிமீ போட்டது சும்மா இல்லை. அழுத்தம் அதேதான் என்றால் விட்டம் வளரும்போது தடிமனும் அதே விகிதத்தில் வளர வேண்டும். 2.8 என்றால் 3 மிமீ. அந்தத் தடிமனில் குழாய் கிடைக்கவில்லையா? 3 மிமீ தகட்டை உருட்டி, சேரும் இடத்தில் ஒரு பட்டை வைத்து வெள்ளி சோல்டர் போடுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். தகட்டை வெட்டுவதற்கு முன் படத்தைப் பாய்லர் பரிசோதகரிடம் காட்டிவிடுங்கள். கடைசியில் இரண்டு மடங்கு அழுத்தத்தில் தண்ணீர்ச் சோதனைக்கு அவரிடம்தானே போக வேண்டும்?

கரித்துகள்:
நெருப்புக் குழாய் பற்றி நான் சொல்கிறேன். 14 வேண்டாம். மற்றதெல்லாம் 1.42 ஆல் பெருகலாம், இது பெருகாது.

கெய்லர் என்பவர் பெயரில் ஒரு பழைய விதி உண்டு. குழாய் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், இஞ்சுக் கணக்கில் 50க்கும் 70க்கும் இடையில் வர வேண்டும். மிமீயில் ஏறத்தாழ 2 முதல் 2.75. உங்கள் படத்தில் உள்விட்டம் 8.6. 190 ÷ 74 = 2.57. அருமை. இப்போது நீளம் 270 ஆகிறது. 14 மிமீ குழாயில் சுவர் 0.9 போனால் உள்விட்டம் 12.2. 270 ÷ 149 = 1.81. சூடான புகை தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்காமலே புகைபோக்கி வழியே ஓடிவிடும்.

12 மிமீ, சுவர் 0.8 எடுங்கள். உள்விட்டம் 10.4. 270 ÷ 108 = 2.5. குழாய் மெலிவதால் குழாய்களின் முனை செருகும் ட்யூப் ப்ளேட்டில் இன்னும் சில குழாய்களுக்கும் இடம் வரும். ஆனால் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள உலோகத்தை ரொம்ப ஒல்லியாக்கிவிடாதீர்கள், ஆசை யாரை விட்டது.

சுத்தியல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தகடு எடுக்கும்போது செம்பின் ரகத்தைக் கேளுங்கள். பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜனை நீக்கிய செம்பு, சி106 என்பார்கள், அதுதான் வேண்டும். மின்சார வேலைக்கான செம்பில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். டார்ச் சுவாலையின் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதோடு சேர்ந்து நீராவியாகி, உலோகத்தை உள்ளுக்குள்ளேயே பிளந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மின்பலகையிலிருந்து கழற்றிய தடித்த செம்புப் பட்டையில் ட்யூப் ப்ளேட் செய்தேன். நாலாவது சூட்டில் விளிம்பு மடிப்பு முழுக்க முடி முடியாக விரிசல். வெளியே பார்த்தால் இரண்டு செம்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். வால்வுகளைத் திருகும் புஷ்ஷுக்குப் பித்தளையும் வேண்டாம், கன்மெட்டல் அல்லது பாஸ்பர் வெண்கலம் போடுங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் காலப்போக்கில் கரைந்து போய், பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

நீராவிப்பித்தன்:
மாமா சொன்னதை நேற்று சோதித்துப் பார்த்தேன். குழாயின் ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு இரண்டு கீற்று அறுத்தேன். ஒன்றை வைஸில் பிடித்து வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தது. இன்னொன்றை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தேன். கட்டைவிரலாலேயே மடிந்துவிட்டது, திரும்ப நிமிரவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

3 மிமீ சி106 தகடும் 12 மிமீ குழாய்களும் என்று முடிவு செய்துவிட்டேன். நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் தட்டையான தகடுகளைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளின் இடைவெளியை 1.42 ஆல் பெருக்கலாமா? படத்தில் அங்கே தகடு 2.5, நான் 3 போடுகிறேன்.

லேத்து மாமா:
கூடாது. தட்டையான தகட்டில் இடைவெளி தகட்டின் தடிமனோடுதான் வளரலாம். 3 ÷ 2.5 = 1.2. அதற்கு மேல் போகாதீர்கள். ஸ்டே எண்ணிக்கை கூடும், கூடட்டும்.

அந்த 1.5 மிமீ குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகைபோக்கிக்குக் கீழே உள்ள ஸ்மோக்பாக்ஸில் அழுத்தமே இல்லை, அதற்கு இது போதும்.