சிஎக்ஸ்சிஎல்12: முதல் வாரம் இறங்கிய ஜுர்கட் கலங்கள் மூன்றாம் வாரம் அசையவில்லை

வெள்ளவத்தை பிப்பெற்:
மனித சிஎக்ஸ்சிஎல்12, அதாவது எஸ்டிஎஃப்-1 அல்பா: கலங்களைத் தன் பக்கம் இழுக்கும் கீமோகைன் வகைப் புரதம். ஈ.கோலை பக்டீரியாவில் தயாரித்தது, 10 மைக்ரோகிராம் குப்பி. 1 மில்லிலீற்றர் வெறும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் கரைத்து மைனஸ் 20இல் இருக்கிறது. தேவைப்படும்போது உருக்கி எடுத்துவிட்டு மிச்சம் திரும்ப உள்ளே போகும். 24 குழித் தட்டு, 5 மைக்ரோன் துளைச் சவ்வு அடியில் உள்ள இன்சேர்ட் (குழிக்குள் தொங்கும் கிண்ணம்), கீழே மில்லிலீற்றருக்கு 100 நனோகிராம், மேலே 5 இலட்சம் ஜுர்கட் (மனித ரி-கல இரத்தப் புற்றுநோய்க் கலங்கள்), 3 மணித்தியாலம். முதல் வாரம் வெறும் ஊடகத்தைவிட எட்டு மடங்கு கலங்கள் இறங்கின. இப்போது இரண்டும் ஒன்றுதான். கலங்களை வைக்கும் ஊடகம் ஆர்பிஎம்ஐ, 10 சதவீத எஃப்பிஎஸ் (மாட்டுக் கருச் சீரம்). போனது புரதமா, கலமா?

குளிர்ச்சங்கிலி:
முதல் சந்தேகம் புரதத்தில்தான். 68 அமினோ அமிலம், 8 கிலோடால்ற்றன், நேர்மின்னேற்றம் அதிகம். பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) போன்ற துணைப்புரதம் இல்லாமல் இவ்வளவு ஐதாக வைத்தால் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு உருக்கலிலும் இன்னும் கொஞ்சம் போகும். லேபலில் உள்ள செறிவு இப்போது வெறும் எழுத்து.

அடுத்த குப்பியை மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கோ, அரை மணித்தியாலம் போதும். கொழும்புக் காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் படியும். திறக்க முன் சென்றிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கோ. தூள் கண்ணுக்கே தெரியாத படலம், பாதி மூடியில் இருக்கும். 0.1 சதவீத பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ் 100 மைக்ரோலீற்றர் விட்டு, வோர்டெக்ஸ் பண்ணாமல் மெல்லச் சுழற்றி 10 நிமிடம் வையுங்கோ. பிறகு புரதம் ஒட்டாத குழாய்களில் 10 மைக்ரோலீற்றர் வீதம் பிரித்து மைனஸ் 80. ஒன்பது குழாய் தேறும், பத்தாவதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு குழாய்க்கு 90 மைக்ரோலீற்றர் சேர்த்தால் மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதில் 6 மைக்ரோலீற்றரை 600 மைக்ரோலீற்றர் ஊடகத்தில் விட்டால் உங்கள் மில்லிலீற்றருக்கு 100 நனோகிராம். மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். தானாகப் பனி உருக்கும் ஃபிரீசர் இதற்கு ஆகவே ஆகாது.

நொதிக்காரி:
எஃப்பிஎஸ்ஸை ஏன் ஒருவரும் தொடவில்லை? சீரத்தில் டிபிபி4 நொதி இருக்கிறது. சிஎக்ஸ்சிஎல்12இன் முன்முனை லைசீன், புரோலீன் என்று தொடங்கும். அந்த இரண்டையும் அது வெட்டிவிட்டால் மிச்சம் கலத்திலுள்ள அதன் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4இல் சமிக்ஞை கொடுக்காது. எதிருடலால் அளவிடும் எலைசாவில் அளவு சரியாகவே காட்டக்கூடும், கலம் மட்டும் அசையாது. கலங்களை இரண்டு தரம் கழுவி, 0.5 சதவீத பிஎஸ்ஏ கலந்த ஆர்பிஎம்ஐயில் செய்யுங்கோ.

வாங்கும்போதும் முன்முனையைக் கேட்க வேண்டும். ஈ.கோலையின் தொடக்க மெதியோனீன் நீக்கப்படாமல் இருந்தால் சில கீமோகைன்கள் தலைகீழாகிவிடும்: மெதியோனீன் ஒட்டிய ரான்டெஸ் என்ற கீமோகைன் ஏற்பிகளைத் தூண்டாமல் அடைக்கிறது. ஹிஸ் வால் (சுத்திகரிக்கச் சேர்க்கும் ஹிஸ்ரிடீன் தொடர்) வேண்டுமென்றால் பின்முனையில் இருக்கட்டும்.

துளை 5:
கலத்தையும் விட்டுவிட வேண்டாம். ஜுர்கட் மில்லிலீற்றருக்கு 10 இலட்சத்தைத் தாண்டி நெருங்கி வளர்ந்தால் இந்தச் சோதனைக்கு உதவாது. 12ஜி5 எதிருடலால் சாயமிட்டு ஃப்ளோ சைற்றோமீற்றரில் சிஎக்ஸ்சிஆர்4 பாருங்கோ, ஒரு பின்னேர வேலை.

ஒரே செறிவில் மட்டும் ஓட்டுவதும் பிழை. கீமோகைன் வளைகோடு மணி வடிவம், கூடினாலும் விழும். மில்லிலீற்றருக்கு 1, 10, 30, 100, 300 நனோகிராம் என்று வையுங்கோ. ஒரு குழியில் மேலும் கீழும் சம அளவு சிஎக்ஸ்சிஎல்12 விடுங்கோ, அதிலும் அதே அளவு இறங்கினால் அது திசையறிந்த நகர்வு இல்லை. இன்னொன்றில் கலங்களை சிஎக்ஸ்சிஆர்4ஐ அடைக்கும் ஏஎம்டி3100இல் அரை மணித்தியாலம் வைத்துப் போடுங்கோ, இறக்கம் நிற்க வேண்டும். இன்சேர்ட்டைச் சரித்து இறக்குங்கோ; அடியில் குமிழி சிக்கினால் அந்தக் குழியே வீண்.

பிஎஸ்ஏ விடயத்தில் குளிர்ச்சங்கிலியோடு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. பின்னால் ஃப்ளோரசன்ட் சாயம் ஏற்றவோ தட்டில் பூசவோ எண்ணம் இருந்தால் துணைப்புரதம் இல்லாத குப்பிதான் சரி, சாயம் முழுக்க பிஎஸ்ஏயில் ஏறிவிடும். அப்போது செறிவைக் கூட்டி வைத்து ஒட்டலைச் சமாளிக்க வேண்டும்.

வெள்ளவத்தை பிப்பெற்:
நன்றி. பழைய கரைசலை எறிந்துவிடவா?

துளை 5:
வேண்டாம். புதியதோடு பக்கத்துக் குழியில், அதே நாள், அதே கலங்களோடு ஓட்டுங்கோ. புதியதில் இறங்கி பழையதில் இறங்காவிட்டால் புரதம். இரண்டிலும் இறங்காவிட்டால் கலம், அல்லது ஊடகம்.