ஸ்பெசிபிக் இம்பல்சுக்கு 'உந்துபேறு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். ராக்கெட் எஞ்சினில் எரியும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் எவ்வளவு உந்துதலைத் தருகிறது என்ற அளவுதான் ஸ்பெசிபிக் இம்பல்ஸ். அதற்கு நான் முன்வைக்கும் தமிழ்ச்சொல் 'உந்துபேறு'. அதுபற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> உந்துதிறன் என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் நம் பாடநூல்களில் 'திறன்' என்பது வாட் கணக்கில் அளக்கும் பவர். உந்துதிறன் என்று படிக்கிற மாணவர், எஞ்சின் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அதற்கு 'உந்துவிசை' இருக்கிறது. உந்துவிசையும் ஸ்பெசிபிக் இம்பல்சும் வேறு என்று காட்டத்தானே புதுச்சொல் தேடுகிறோம்? இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்டின் இரு பக்கமும் நிற்கும் எஸ்-200 மோட்டார் ஒவ்வொன்றின் உச்ச உந்துவிசை 5,000 கிலோநியூட்டனை ஒட்டியது. மேலடுக்கில் உள்ள சிஇ-20 கிரையோஜெனிக் (கடுங்குளிர் திரவ எரிபொருள்) எஞ்சினுக்குச் சுமார் 200தான். ஆனால் ஸ்பெசிபிக் இம்பல்ஸ் எஸ்-200க்கு ஏறத்தாழ 274 நொடி, சிஇ-20க்கு 443 நொடி!

443 நொடி என்றால், அந்த எஞ்சினில் எரியும் ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜன்-ஆக்சிஜன் கலவையும் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையை 443 நொடி தரும் அளவுக்குப் பயன்படுகிறது. எங்கள் மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்தால் "மாவுக்கு எவ்வளவு கண்டுமுதல்?" என்றுதான் கேட்பார்கள். மா என்பது நில அளவு, கண்டுமுதல் என்பது கிடைத்த விளைச்சல். பத்து வேலிக்காரரையும் அரைக்காணிக்காரரையும் ஒரே அளவில் வைத்துப் பார்க்கிற கேள்வி அது. இங்கேயும் அதே கணக்குத்தான். 'உந்துமுதல்' என்று வைக்க ஆசை. ஆனால் டெல்டாவுக்கு வெளியே 'முதல்' என்றதும் மூலதனம் நினைவுக்கு வரும். அதனால், பெறுவது என்ற பொருளில் 'பேறு'. உந்துபேறு.

> 'தன் கணத்தாக்கு' போதாதா?

ஸ்பெசிபிக் ஹீட்டுக்குத் தன்வெப்பம் என்பது போல முறையாக அமைந்த சொல், குறை சொல்ல முடியாது. ஆனாலும் 'கணம்' என்பது சட்டென்று விழும் அடியை நினைவூட்டுகிறது. சிஇ-20 பத்து நிமிடத்துக்கு மேல் எரியும்.

> வடிவமைப்பைப் பற்றி எழுத இந்தச் சொல் உதவுமா?

நன்றாகவே உதவும். இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட்டான ஜிஎஸ்எல்வியின் சிஇ-7.5 எஞ்சினிலும் அதே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். உந்துவிசை 73.5 கிலோநியூட்டன், உந்துபேறோ 454 நொடி. சிஇ-20ல் பம்புகளைச் சுழற்ற எரிபொருளில் கொஞ்சத்தைத் தனியே எரிக்கிறார்கள். அந்த வாயு, பம்புகளை இயக்கும் விசையாழியைச் (டர்பைன்) சுற்றிவிட்டு, முதன்மை எரிகலனுக்குப் போகாமலே வெளியேறிவிடும். சிஇ-7.5ல் அதே வாயு எரிகலனுக்குள் போய் மறுபடி எரிகிறது, வீணாவது குறைவு. ஆனால் செய்வது கடினம்: பம்புகள் இன்னும் அதிக அழுத்தத்தில் தள்ள வேண்டும். இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள் (தொண்டை என்பது எரிகலனிலிருந்து வாயு வெளியேறும் வழியின் மிகக் குறுகிய இடம்): "எரிகலன் அழுத்தம் மாறாமல் தொண்டையை அகலமாக்கினால் உந்துவிசை கூடும், உந்துபேறு பெரிதாக மாறாது." தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறதா?

அப்புறம், அகன்ற நாசில் (வாயு வெளியேறும் கூம்புவாய்) வெற்றிடத்தில் உந்துபேற்றைக் கூட்டும். தரையில் காற்றழுத்தம் அதைக் குறைத்துவிடும். ஆகவே 'வெற்றிட உந்துபேறு', 'கடல்மட்ட உந்துபேறு' என்று இரண்டையும் தனித் தலைச்சொற்களாக நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.