காய்ந்த சால்டர் பேஸ்ட்டுக்கு ஒரு துளி ஐபிஏவா?

ஈயக்கை: "காய்ஞ்ச பேஸ்ட்டுல ஒரு துளி ஐபிஏ விட்டுக் கிண்டுங்க, புதுசாயிரும்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் எரிச்சல் வந்திருச்சு. சால்டர் பேஸ்ட்டுங்கிறது ஈயத் தூளும் ஃபிளக்ஸும் (ஈயம் ஒட்ட உதவுற பசை) கலந்தது, எலக்ட்ரானிக் போர்டுல பத்தவைக்கிறதுக்கு. ஐபிஏன்னா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 82 டிகிரியில கொதிக்கும். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) உருகுறது 183-ல. நடுவுல அந்தத் துளி எங்க போகும்? கொதிச்சுத் தெறிக்கும். ஐசி சில்லு காலுக்கு நடுவுல கடுகு சிதறுன மாதிரி ஈய மணி கிடக்கும்.

தோட்டத்துப்பையன்: எழுதுனது நான்தாண்ணே. ஒரு துளின்னுதான் சொன்னேன், ஒரு கரண்டி இல்ல. ஃபிளக்ஸுல இருக்கிற ரோசின் பிசின் ஐபிஏவுல கரையும். போர்டுல பூசி அரை மணி நேரம் விட்டா துளி பறந்திரும், அப்புறம் சூடு காட்டலாம்.

ஈயக்கை: பறந்துட்டா மறுபடி காய்ஞ்சிருமே தம்பி! பேஸ்ட்டுல போடுறது மெதுவா ஆவியாகுற கிளைகால் ஈதர் வகைக் கரைப்பான். அதோட இடத்த ஐபிஏ பிடிக்காது. 10 கிராம் பேஸ்ட்டுல ஃபிளக்ஸே சுமார் 1 கிராம்தான். அதனால ஜெல் ஃபிளக்ஸ் கால் கிராம்ல ஆரம்பிங்க. கண்ணாடி மேல வச்சு, தட்டைக் கரண்டியால மடிச்சு மடிச்சுப் பிசையுங்க. வேகமாக் கிண்டுனா காத்துப் புகுந்திரும். ரொட்டியில தடவுற கயா (தேங்காப்பால் ஜாம்) பதம் வரணும். அதுக்கு மேல இளகுனா ஸ்டென்சில (பேஸ்ட் பூசுற ஓட்டைத் தகடு) எடுத்ததும் சரிஞ்சு பக்கத்துக் காலோட ஒட்டும். ஹார்ட்வேர் கடையில பைப்புக்கு விக்கிற அமில ஃபிளக்ஸ் மட்டும் வேண்டாம், செம்ப அரிச்சிரும்.

மழைக்காடு: முதல்ல ஏன் காயுதுன்னு பேசுங்க. 0–10 டிகிரியில வைக்கணும். நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் புழுக்கத்துல ஐஸ்பெட்டியில இருந்து எடுத்ததும் திறந்தா உள்ள வேர்த்திரும், அந்தத் தண்ணியும் தெறிக்கும். மூடுனபடியே 4 மணி நேரம் வெளிய இருக்கட்டும்.

தோட்டத்துப்பையன்: சம்பல் வைக்கிற பெட்டியில ஈயமா? பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு இதுவா யோசனை?

மழைக்காடு: சம்பல் பக்கத்துல வைக்கச் சொன்னேனா? தனிப்பெட்டி வாங்குங்க. சொல்லாதத என் தலையில கட்டாதீங்க.

ஈயக்கை: பெட்டிச் சண்டை அப்புறம். தூள்ல ஆக்சைடு ஏறிட்டா எந்தக் கரைப்பானும் காப்பாத்தாது. பீங்கான் துண்டு மேல மிளகளவு வச்சு உருக்குங்க. ஒரே உருண்டையாத் திரண்டா நல்லது. சுத்தியும் பொடி மணியா நின்னா தூக்கிப் போடுங்க.

தோட்டத்துப்பையன்: போன வாரம் ஃபிளக்ஸ் பேச்சுலயும் இப்படித்தான், வேற யாரையும் பேச விடல நீங்க. நான் சொன்னது ஒரு துளி. ஒரே ஒரு துளி.

ஈயக்கை: தப்பா எழுதுனா போன வாரமும் சொல்வேன், அடுத்த வாரமும் சொல்வேன். அந்தத் துளி பறந்த பிறகு பேஸ்ட்ட ஈரமா வச்சிருக்கிறது எது? அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

தோட்டத்துப்பையன்: அரை மணி நேரம்னு மேலயே எழுதியிருக்கேன். படிங்கண்ணே.