புது ஆர்சி வருவதற்கு முன்பே பாலிசியைப் பெயர் மாற்ற முடியுமா?

பழைய கார் வாங்கியதில் இன்சூரன்ஸ் சிக்கல், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவுப்படி, கார் கைமாறிய 14 நாளுக்குள் வாங்கியவர் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) தானாகவே வந்துவிடும். வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பாலிசி பழைய பெயரிலேயே கிடந்தால் பம்பர் நசுங்கினால்கூட க்ளெய்மை நிராகரிக்கலாம். பயமே அதுதான்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆர்டிஓவில் கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று. ஆனால் புது ஆர்சி வந்தால்தான் மாற்றுவோம் என்கிறது கம்பெனி. ரசீதையும் விற்பனைக் கடிதத்தையும் காட்டியே யாராவது மாற்றியிருக்கிறீர்களா? வேறென்ன தாள்கள் கேட்டார்கள்?

விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்டத் தயார். மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குகிறார்களா, அதையும் சொல்லுங்கள்.